மாக் என்றால் கேலியா, ஒத்திகையா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். போன ஆடியில் ஒரு அம்மா போன் செய்தார். “ஏன் டீச்சர், வாராவாரம் மாக் டெஸ்ட்டு வைக்கியளாமே. டிக்சனரில பாத்தா கேலின்னு போட்டிருக்கு. எம்பிள்ளைய கேலி பண்ணவா துட்டு வாங்குதிய?”

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் பார்த்ததில் தப்பில்லை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு முதல் பொருளே கேலி செய்வதுதான். ஒருத்தரைப் போல நடித்துக் காட்டுவது கேலியில் பாதி, இல்லையா? 16ஆம் நூற்றாண்டில் ‘நிஜம் போல இருக்கும், நிஜமில்லை’ என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது.

அதனால் முதலில் மாக் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் ஒத்திகை அல்லது போலி: மாக் டெஸ்ட், மாக் இன்டர்வியூ, கூடங்குளம் பக்கத்து ஊர்களில் நடத்தும் மாக் டிரில். கல்யாண வரவேற்பில் தரும் மாக்டெயில்கூட மாக்கும் காக்டெயிலும் சேர்ந்ததுதான். சரக்கு இல்லாத காக்டெயில்.

வினைச்சொல்லாக வந்தால் கேலி. அதிலும் எந்தக் கேலி? நக்கல், கிண்டல், எகத்தாளம், இளக்காரம் என்று நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம். நான் வகுப்பில் சொல்லுவது ‘பழிப்புக் காட்டுதல்’. ஒருநாள் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஒருவன் இல்லாத கண்ணாடியை ஒற்றை விரலால் மூக்கில் ஏற்றி, என் இழுவைக் குரலிலேயே “அண்டர்ஸ்டூட்?” என்றுகொண்டிருந்தான். அவனை எழுப்பி இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். முகம் செத்துவிட்டது. ‘ஹி மாக்ட் த டீச்சர்’ என்று பலகையில் எழுதினேன். அன்றைக்கு இருந்த யாரும் இந்தச் சொல்லை மறக்கவில்லை.

அந்த வாக்கியத்தில் மாக்ட் என்பதற்கும் டீச்சருக்கும் நடுவே ‘அட்’, ‘டு’ எதுவும் இல்லை, கவனியுங்கள். ‘டீச்சரைக் கேலி செய்தான்’ என்பதில் வரும் ‘ஐ’ போல ஆள் நேராக வந்துவிடுவார். லாஃப் என்றால் ‘அட்’ வேண்டும், மேக் ஃபன் என்றால் ‘ஆஃப்’ வேண்டும். (கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘மாக்கெத் அட்’ இருக்கிறதே என்று சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் மடக்குவார்கள். பழைய நடை, பரீட்சையில் வேண்டாம்.)

டீஸ் வேறு. மைனி கொழுந்தனைக் கிண்டல் பண்ணுகிறாளே, அது டீஸ். உள்ளே பிரியம் இருக்கலாம். மாக்கில் அநேகமாக அது கிடையாது. நம் ஊர் இங்கிலீஷில் ஈவ் டீசிங் என்று சொல்லிச் சொல்லி டீஸ் கெட்டுப்போனது. 1998இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்துக்கே முதலில் அந்தப் பெயர்தான், பிறகுதான் மாற்றினார்கள். அதனால் ‘ஷி டீஸ்ட் ஹிம்’ என்று படித்ததும் போலீஸைக் கூப்பிட வேண்டியதில்லை.

பரீட்சையில் ஆளைக் கவிழ்ப்பது மாக்கரி. ‘மேக் எ மாக்கரி ஆஃப்’ என்று வந்தால் அங்கே யாரும் சிரித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு விஷயத்தை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடுவது, நம் ‘கேலிக்கூத்தாக்குதல்’. தாமிரபரணிக் கரையில் ‘குப்பை கொட்டாதீர்’ என்று ஒரு பலகை, அதன் காலடியிலேயே இடுப்பளவு குப்பை. ‘த ஹீப் மேட் எ மாக்கரி ஆஃப் த போர்டு.’ இதைச் சொன்னதும் பழிப்புக் காட்டிய அதே பையன் எழுந்தான். “டீச்சர், அப்ப குப்ப பலகைக்குப் பழிப்புக் காட்டுதுன்னு எழுதலாமா?”

எழுதலாம் என்றேன். முழு மார்க்கும் போட்டேன்.