தாடை மூட்டு வலியா? முதலில் பற்களைப் பிரித்து வையுங்கள்

காது வலிக்கிறது என்று போனால் காதில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் மெல்லும்போது வலிக்கிறது, வாயைத் திறந்தால் 'டக்' என்கிறது, காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டு கனக்கிறது. இப்படியிருந்தால் தாடை மூட்டைச் சந்தேகப்படலாம்.

ஆனால் ஒன்று. தாடை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் இதைப் படிக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், மாரடைப்பாக இருக்கலாம். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் வலியும் பார்வைக் கோளாறும் வந்தாலும் அதே அவசரம்தான். வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும், வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்
காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் மூட்டு நகர்வது தெரியும். அங்கே கீழ்த்தாடை எலும்புக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு இருக்கிறது, அது இடம் விலகித் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம். வலியில்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சையே வேண்டாம். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொடுங்கள், புடைக்கிற தசையை அழுத்தினால் வலிக்கிறதா? பலருக்கு வலியே அங்கேதான்.

படி 2: வாய் எவ்வளவு திறக்கிறது?
உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே விட்டுப் பாருங்கள். சுமார் 40 மி.மீ. திறந்தால் சரி. நுழையவில்லை என்றால் வலிந்து திறக்காமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 3: பற்களைப் பிரித்து வையுங்கள்
நான் மிக முக்கியம் என்று நினைப்பது இதைத்தான். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்க, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகப் படிந்திருக்க, தாடை தளர்ந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கவலையில், வண்டி ஓட்டும்போது நமக்கே தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம், அதனால் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

படி 4: தசைக்கு ஓய்வு
கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம், 15 நிமிடம். சில வாரம் மெத்தென்ற உணவு, சூயிங் கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்குங்கள்.

படி 5: குறையவில்லையா?
சில வாரங்களில் குறையாவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு அளவெடுத்து நைட் கார்டு (இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை) செய்து தருவார்கள், பிசியோதெரபியும் உதவும். பெரும்பாலானவர்களுக்கு இந்த எளிய வழிகளே போதும், எனவே எடுத்த எடுப்பிலேயே பல்லை ராவிக் குறைக்கலாம், அறுவை சிகிச்சை செய்யலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.