தேவனிடம் திரும்பி வரும்போது சறுக்கும் இடங்கள்

ஜெபம் குறைந்து, வேதம் தூசி படிந்து, ஆராதனையில் உடம்பு மட்டும் உட்கார்ந்திருக்கிற காலம் பல விசுவாசிகளுக்கும் வருகிறது. திரும்ப வேண்டும் என்ற எண்ணம் எழும்போது கூடவே இன்னொரு எண்ணமும் வரும்: 'முதலில் கொஞ்சம் ஒழுங்காகிக்கொள்கிறேன், அப்புறம் போகலாம்.' அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், அப்பாவின் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனைப் பாருங்கள். பன்றி மேய்த்த இடத்திலேயே அவன் மூன்று விஷயங்களைப் பேசத் தயார் செய்கிறான்: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லத் தகுதியில்லை, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டைச் சொல்கிறான். மூன்றாவது வாயில் வரவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களிடம் வஸ்திரம், மோதிரம், செருப்பு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். 'வேலை செய்து கடனை அடைக்கிறேன்' என்ற அந்தப் பேரத்துக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை. உபவாசத்தையும் காணிக்கையையும் பேரமாக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 2 கொரிந்தியர் 5-இல் பவுல் சொல்வதும் இதுவே: ஒப்புரவாக்குதலை, அதாவது முறிந்த உறவைச் சரிசெய்வதைத் தொடங்கியவர் தேவன், அதுவும் கிறிஸ்துவின் மூலமாக.

அடுத்தது, குற்ற உணர்ச்சியையே மனந்திரும்புதல் என்று நினைப்பது. இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான். 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், 'பாவஞ்செய்தேன்' என்றும் சொன்னான். ஆனால் போய்ச் சொன்னது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் 'எங்களுக்கென்ன' என்று கைகழுவிவிட்டார்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதவர்தான். ஆனாலும் பிறகு, கரையில் நிற்பது உயிர்த்தெழுந்த கர்த்தர் என்று தெரிந்ததும், படகு போய்ச் சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்துவிட்டார். கண்ணீர் எவ்வளவு வந்தது என்று பார்ப்பதைவிட, அது நம்மை யாரிடம் கொண்டுபோகிறது என்று பார்ப்பது நல்லது.

'என் பாவங்களையெல்லாம் மன்னியும்' என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுவதும் ஒரு தப்பித்தல்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தபின் எழுதிய 51-ஆம் சங்கீதத்தில், உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜா 'இரத்தப்பழி' என்றே சொல்கிறார். கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் சொன்னாலும், மற்ற சபையார் நேரே ஜெபத்தில் சொன்னாலும், பாவத்தை அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுவதுதான் கடினம்.

முகாமிலோ உபவாசக் கூடுகையிலோ பொங்கிய உணர்ச்சி இரண்டு வாரத்தில் அடங்கினால், 'எனக்கு எதுவும் நடக்கவில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான் 1517-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவது.

கடைசியாக, தேவனோடு சரி, மனிதரோடு பிறகு பார்க்கலாம் என்ற கணக்கு. மத்தேயு 5-இல் இயேசு காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். வரி வசூலித்துவந்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் தங்கப்போவதாக இயேசு அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. இந்த வரிசையை மாற்றிப் படித்துவிடக் கூடாது. சரி, நாம் போய் மன்னிப்புக் கேட்டும் எதிரில் இருப்பவர் முகம் கொடுக்கவில்லை என்றால்? எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் ரோமர் 12:18-இல் 'கூடுமானால்' என்றும் 'உங்களாலானமட்டும்' என்றும் பவுலே சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்.