எஞ்சின் கவுலிங்கை எதைக் கொண்டு பூட்டுவது?

கவுலிங் என்பது விமான எஞ்சினை மூடும், கழற்றி மாட்டக்கூடிய உறை; இங்கே பேசுவது மேல், கீழ் என இரு பாதிகளாக வருவதைப் பற்றி. கடல்மட்டத்தில் மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 490 கிலோ எடைக்குச் சமம். முன்வாய்கள் வழியே நுழையும் காற்று சிலிண்டர்களின் மேல் தேங்கும்போது அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி மேல் கவுலிங்கின் உட்புறத்தைத் தள்ளுகிறது. அதே நேரம் வெளிப்புற வளைவின் மேல் ஓடும் காற்று அதை வெளியே உறிஞ்சுகிறது. ஆக, மேல் கவுலிங் எந்நேரமும் ஊதிப் புடைத்து எழும்பப் பார்க்கிறது. பூட்டிகளின் முதல் வேலை அதை அமுக்கிப் பிடிப்பது. சிலிண்டர்களின் மேல் தனி மூடி வைத்த பிளீனம் அமைப்பு இருந்தால் உள்ளழுத்தத்தை அந்த மூடியே தாங்கிக்கொள்ளும், உறிஞ்சல் மட்டும் மிஞ்சும்.

முழு கவுலிங்குக்கும் ஒரே வகைப் பூட்டியை வாங்குவது தவறான தொடக்கம். ஒவ்வொரு இணைப்புக் கோட்டுக்கும் தனித்தனியே முடிவெடுங்கள். அந்தக் கோட்டில் விசை எந்தத் திசையில் இழுக்கிறது, அதை எத்தனை முறை கழற்ற வேண்டியிருக்கும், அங்கே சூடும் அதிர்வும் எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பியானோ கீல்

இரு விளிம்புகளிலும் உள்ள கீல் கண்கள் ஒன்றோடொன்று கோக்க, நடுவே ஒரு நீளக் கம்பி ஓடிப் பிடிக்கும் அமைப்பு இது. எடை குறைவு, வெளியே எதுவும் தெரியாது, விசை கோடு முழுக்கச் சீராகப் பரவும். மேல், கீழ் கவுலிங்குகள் சந்திக்கும் நீளமான நேர்க்கோட்டுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. தகட்டைச் சுருட்டிச் செய்த கீல் வேண்டாம், அதன் கண்கள் அதிர்வில் விரிந்துகொள்ளும். எக்ஸ்ட்ரூட் செய்த, அதாவது அச்சு வழியே பிதுக்கி எடுத்த, கீலையே வாங்குங்கள்.

இதன் பலவீனம் ஃபயர்வாலின், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரின், அடிப்பகுதியில் தெரியும். எக்ஸாஸ்ட் குழாய் வெளியேறும் இடத்தில் சூடான காற்றும் துடிப்பும் கீல் கண்களை ஒவ்வொன்றாக உடைக்கின்றன. உடைவது அலுமினியக் கண்தான், எஃகுக் கம்பி அதை அராவிக்கொண்டே இருக்கும். வளைவான கோட்டில் கம்பி நுழையவும் அடம்பிடிக்கும். அங்கே ஓர் அளவு மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியைப் போட்டு, முனையைத் தோட்டா போல உருட்டித் தேய்த்து, சிறிது கிரீஸ் தடவுங்கள். கம்பியின் வெளிமுனையை வளைத்து, ஒரு சிறு தகடும் திருகாணியும் வைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காத கம்பி பறக்கும்போது மெல்ல ஊர்ந்து வெளியேறும். முன்பக்கம் ஊர்ந்தால் எதிரில் இருப்பது புரொப்பெல்லர்.

கால்திருப்புப் பூட்டி

கால் சுற்று திருப்பினாலே பூட்டுபவை இவை. கேம்லாக், ட்சூஸ், ஸ்கைபோல்ட் என்று கேள்விப்படுபவை இந்த வகை. ட்சூஸில் ஸ்டட்டின், அதாவது திருப்புளியால் திருப்பும் முளையின், வெட்டு வளைந்த கம்பிச் சுருளைப் பிடித்து இழுக்கிறது. எளியது, ஆனால் கம்பி தேயும், களைத்து ஒடியும். கேம்லாக்கில் சுருள்வில் ஸ்டட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதன் குறுக்கு ஊசி அடித்தகட்டில் உள்ள ஏற்பியில் போய்ப் பூட்டுகிறது. ஃபயர்வாலின் மேல் வளைவுக்கும் பக்கங்களுக்கும் நாங்கள் பரிந்துரைப்பது கேம்லாக் வகையைத்தான். ஏற்பி சற்று அசையக்கூடியதாக இருந்தால் துளைகளின் சிறு பிசகை அது மன்னிக்கும்.

இதில் அதிகம் தவறுவது ஸ்டட்டின் நீள எண். கேம்லாக் ஸ்டட்டுகள் 0.03 அங்குல, அதாவது சுமார் 0.76 மி.மீ. படிகளில் வருகின்றன. கையால் படியவைத்த ஃபைபர்கிளாஸ் ஓர் இடத்தில் 1.9 மி.மீ., ஒரு சாண் தள்ளி 2.6 மி.மீ. இருப்பது சாதாரணம். அந்த வித்தியாசமே கிட்டத்தட்ட ஒரு படி. எனவே எல்லா இடத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. தோல் (கவுலிங்கின் சுவர்), உள் விளிம்புத் தகடு (அடியில் பூட்டியைத் தாங்கும் பட்டை), பிரைமர், பெயின்ட் எல்லாம் சேர்ந்த தடிப்பை ஒவ்வொரு துளையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் வரும் எண்ணோடு, அதற்கு ஒரு படி மேலும் கீழும் சில உதிரிகள் கையில் இருக்கட்டும். பெயின்ட் அடித்து முடிந்த பிறகுதான் இறுதி எண்ணை முடிவு செய்ய வேண்டும். நீளம் போதாத ஸ்டட் பூட்டவே பூட்டாது, வலுக்கட்டாயமாகத் திருகினால் ஊசி வளையும். நீளம் மிஞ்சிய ஸ்டட் எளிதாகப் பூட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்து: தகடுகள் இறுகாமல் ஒன்றோடொன்று உரசி, துளை முட்டை வடிவமாகும், அலுமினிய விளிம்பைச் சுற்றிக் கருப்புப் பொடி படியும். திருப்புளியை நன்றாக அழுத்தித் திருப்பினால்தான் பூட்ட வேண்டும், பூட்டியபின் தோலை விரலால் அசைக்க முடியக்கூடாது.

பூட்டிகளுக்கிடையே 9 முதல் 10 செ.மீ. வைத்துத் தொடங்குங்கள். மேல் வளைவில் இதைவிட விரித்தால் நடுவே தோல் புடைத்து, காற்று கசிந்து, குளிர்ச்சி குறையும். உள் விளிம்புத் தகடு மெலிதாக இருந்தால் பூட்டிகளை நெருக்கி வைத்தும் பயனில்லை, தகடே வளைந்துகொடுக்கும். 1.6 மி.மீ. அலுமினியம் போட்டால் நிம்மதி.

திருகாணியும் நட்பிளேட்டும்

நட்பிளேட் என்பது தகட்டின் உட்புறம் ரிவெட்டால் நிலையாகப் பிடித்த நட். இந்த முறை மலிவு, உறுதி, ஆனால் கழற்ற நேரமாகும். ஃபயர்வால் அடிப்பகுதிக்கும், ஸ்பின்னருக்குப் (புரொப்பெல்லரின் நடுவே உள்ள கூம்பு மூடி) பின்னால் இரு பாதிகள் சந்திக்கும் மூக்குக்கும் இதுவே பொருத்தம். மூக்கில் துளையிடும் முன், புரொப்பெல்லர் பூட்டிய நிலையில் திருப்புளி நேராக நுழையுமா என்று பார்த்துவிடுங்கள்.

8-32 (8-ஆம் எண் விட்டம், அங்குலத்துக்கு 32 மரை) திருகாணிக்கு எம்எஸ்21047 வகை நட்பிளேட், அதைப் பிடிக்க 3/32 அங்குல ரிவெட். ஃபயர்வாலுக்கு முன்னால் முழு உலோக நட் மட்டும். நைலான் பூட்டு நட்டுகளுக்கு 121 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. புது நட்பிளேட் இறுக்கமாக இருக்கிறதென்று டேப் ஓட்டித் தளர்த்தாதீர்கள், அந்த இறுக்கம்தான் பூட்டு. சிறிது மெழுகு போதும். ஸ்டெயின்லெஸ் திருகாணியை ஸ்டெயின்லெஸ் நட்டில் உயவின்றி முடுக்கினால் இரண்டும் கடித்துக்கொண்டு நின்றுவிடும்.

திருகாணித் தலை தோலோடு சமமாக அமர வெட்டும் குழிவெட்டுக்குத் தனி எச்சரிக்கை தேவை. விமானத் திருகாணியின் தட்டைத் தலை 100 பாகை. கடையில் கிடைக்கும் சாதாரண குழிவெட்டும் பிட் 82 அல்லது 90 பாகை. அதில் வெட்டினால் தலை விளிம்பில் மட்டும் உட்கார்ந்து ஃபைபர்கிளாஸை நசுக்கும். ஃபைபர்கிளாஸ் போன்ற கலப்புப் பொருளில் குழியின் ஆழம் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது. 8-ஆம் எண் திருகாணித் தலையின் உயரம் சுமார் 1.8 மி.மீ. என்பதால் தோல் குறைந்தது 2.7 மி.மீ. வேண்டும். இல்லையென்றால் உட்புறம் இரண்டு மூன்று அடுக்கு கண்ணாடித்துணியை எபாக்சியில் படியவைத்துத் தடிப்பாக்குங்கள், அல்லது குழிந்த டின்னர்மேன் வாஷர் வையுங்கள். துளையின் மையம் விளிம்பிலிருந்து துளை விட்டத்தின் இரு மடங்காவது உள்ளே இருக்கட்டும். தோல் கார்பன் ஃபைபர் என்றால் அலுமினியம் அதை நேரடியாகத் தொட விடாதீர்கள், ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். இடையே ஓர் அடுக்கு கண்ணாடித்துணி வேண்டும்.

பொருத்தும் வரிசை

எஞ்சினை முழு எடையோடு தொங்கவிட்டு, ஸ்பின்னரைப் பொருத்திய பிறகே கவுலிங்கை வைத்துப் பாருங்கள். கவுலிங் உடலோடு நிற்கிறது, எஞ்சினோ ரப்பரில் ஆடுகிறது, நாளடைவில் கொஞ்சம் தாழவும் செய்யும். ஸ்பின்னருக்கும் கவுலிங்குக்கும் 6 மி.மீ. இடைவெளி விட்டு, ஸ்பின்னரைச் சற்று மேலே வைத்துத் தொடங்குவது நல்லது. இணைப்பு விளிம்புகளில் பெயின்டுக்காக ஏறத்தாழ ஒரு மி.மீ. சந்து விடுங்கள்.

எல்லாத் துளையையும் முதலில் 3/32 அங்குலத்தில் போட்டு கிளீக்கோ (துளைகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் வில் பிடிப்பான்) மாட்டுங்கள். மேல் மையத்தில் தொடங்கி இடமும் வலமும் மாறி மாறி இறங்குங்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் தோலின் சுருக்கமெல்லாம் எதிர்மூலையில் போய்ச் சேரும். முழுச் சுற்றும் சரியாக அமர்ந்த பின்புதான் துளைகளைப் பெரிதாக்க வேண்டும். ஃபைபர்கிளாஸில் விட்டம் படிப்படியாகக் கூடும் பிட் போடுங்கள், சாதாரண பிட் கடைசி நொடியில் கவ்வி இழுத்து இழைகளைப் பிய்க்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒவ்வொரு ஸ்டட்டின் தலைக்கும் தோலுக்கும் குறுக்கே ஒரு மெல்லிய பெயின்ட் கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் பூட்டி திரும்பியிருக்கிறது என்று பறப்பதற்கு முன்னான சுற்றிலேயே கண்ணில் படும். முதல் தரை ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும், முதல் மணிநேரப் பறப்புக்குப் பின் மறுமுறையும், பிறகு எண்ணெய் மாற்றும்போதெல்லாமும் கீல் கண்களையும் துளைகளின் வட்டத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். கருப்புப் பொடி தெரிகிற இடத்தில் அந்த ஸ்டட்டை எடுத்துவிட்டு ஒரு படி குறைந்ததைப் போடுங்கள்.