விலை ஏறும் என்று பெட்ரோல் பங்குக்கு ஓட வேண்டாம்

நாளைக்குப் பெட்ரோல் விலை ஏறுதாம் என்ற பேச்சு கிளம்பினால் போதும், நெல்லை வண்ணார்பேட்டை பக்கம் பங்கில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். சரி, கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு 50 பைசா ஏறினால் 5 லிட்டருக்கு மிச்சம் இரண்டரை ரூபாய்தான். அதற்கா இந்த வெயிலில் நிற்பது?

கச்சா எண்ணெய் விலை, டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு, மத்திய மாநில வரிகள் எல்லாம் சேர்ந்து முடிவாகும் விலை அது. 2017 ஜூன் 16 முதல், மாறினால் காலை 6 மணிக்கு மாறும்.

நம் கையில் இருப்பது டயர் காற்று. காற்று குறைந்த வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, டயர் சூடேறும் முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம், குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.