ஏர்பிரஷ்ஷுக்குக் கம்ப்ரஸர்: வாங்குவதும் மல்லுக்கட்டுவதும்

பிளாஸ்டிக் விமான மாடல்களுக்குப் பெயின்ட் அடிக்க ஏர்பிரஷ் (காற்றால் பெயின்டைத் தூவும் பேனா போன்ற கருவி) வாங்கிய புதிதில், அதற்குக் காற்று தரும் கம்ப்ரஸருக்கென்று தனியாகச் செலவு செய்ய மனசு வரவில்லை. கார் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு வீட்டில் சும்மா கிடந்தது. அதையே மாட்டினேன். பத்தே நிமிடத்தில் தொட முடியாத சூடு. பெயின்டும் ஒரே சீராக வராமல் துடித்துத் துடித்து வந்தது. டயர் பம்பு, சில நிமிடம் ஓடிவிட்டு ஓய்வெடுக்கும்படி செய்யப்பட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து இறக்கைக்கு வண்ணம் பூசுகிறவருக்கு அது ஆகாது.

சரி, எது ஆகும்?

1. அழுத்தத்தை விடுங்கள், லிட்டரைப் பாருங்கள்

கடையில் "எட்டு பார் வரும் சார்" என்பார்கள். பார் என்பது காற்றழுத்தத்தின் அளவு; நமக்கு அவ்வளவு வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது 0.3 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் முனை) உள்ள ஏர்பிரஷ். அதில் அக்ரிலிக் பெயின்ட் அடிக்க 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.; ஆக ஒன்றரை பாருக்குள் வேலை முடிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வரும் என்பதுதான். இந்த அளவு ஏர்பிரஷ் நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 15 லிட்டர் இழுக்கும். 20 லிட்டருக்கு மேல் தரும் கம்ப்ரஸர் என்றால் மூச்சு வாங்காமல் ஓடும்.

2. டேங்க் உள்ளதாக வாங்குங்கள்

ஏ.எஸ். 186 என்ற எண்ணில் பல பெயர்களில் விற்கும் சின்னக் கம்ப்ரஸரில் 3 லிட்டர் டேங்க் இருக்கும். ஏறத்தாழ 4 பாரில் மோட்டார் நிற்கும், 3 பாருக்கு இறங்கினால் மறுபடி ஓடும். இதில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 3 லிட்டர் டேங்கில் 1 பார் குறைந்தால் வெளியே வருவது வெறும் 3 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 12 லிட்டர் இழுக்கும் பிரஷ் அதைப் பதினைந்து நொடியில் குடித்துவிடும். டேங்க் இருந்தும் மோட்டார் அடிக்கடி ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது இயல்புதான். பிஸ்டன் தள்ளித் தள்ளி அனுப்பும் காற்றின் துடிப்பை அடக்குவதுதான் இந்தச் சின்ன டேங்கின் முக்கிய வேலை.

இதையே 24 லிட்டர் டேங்கில், 8 பாரிலிருந்து 2 பார் வரை என்று போட்டால் 144 லிட்டர் வருகிறது. பன்னிரண்டு நிமிடம் சத்தமே இல்லாமல் அடிக்கலாம். ஆனால் அது நிரம்பும்போது போடும் சத்தத்தை அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். என் ஓட்டு சின்னதுக்குத்தான்.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. சத்தம் குறைவு, உண்மைதான். ஆனால் காற்றோடு ஆயிலும் வரும். நல்ல ஃபில்டர் வைக்காவிட்டால் மாடல்மேல் எண்ணெய்ப் பொட்டு விழும். முதல் கம்ப்ரஸர் ஆயில் இல்லாத பிஸ்டன் வகையாக இருக்கட்டும்.

3. மாட்டுவது

கம்ப்ரஸர் பக்கம் 1/4 அல்லது 1/8 இன்ச் மரை, பிரஷ் பக்கம் பெரும்பாலும் 1/8 இன்ச். ஹோஸ் வாங்கும்போதே இரண்டு முனைகளையும் பார்த்து வாங்குங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை, முறுக்கும் திசையிலேயே மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் டேப் துணுக்கு உள்ளே போய் நாசிலை அடைக்கும்.

அப்புறம் ரெகுலேட்டர், அதாவது அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி. குமிழை மேலே இழுத்துத் திருப்பி, சரியான அளவில் மறுபடி அழுத்திப் பூட்ட வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: ட்ரிகரை அழுத்தாமல் 20 என்று வைத்துவிடுவார்கள். அழுத்தியதும் முள் 15-க்கு இறங்கும். ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே முள்ளைப் பாருங்கள். அதுதான் உண்மையான அழுத்தம்.

மாஸ்க் போடாமல் தொடங்காதீர்கள். லேக்கர் பெயின்ட் என்றால் துணி மாஸ்க் உதவாது, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

4. தண்ணீர்

இதைப் பற்றிச் சென்னைக்காரர்களைவிட யாருக்கும் அதிகமாகத் தெரியாது. காற்றை அழுத்தினால் சூடாகும். டேங்கிலும் ஹோஸிலும் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகும். ஒரு நவம்பர் மழைநாளில், மூன்று கோட் முடித்த சாம்பல் நிற இறக்கையில் 'பச்' என்று ஒரு துளி விழுந்தது. பூ விரிந்ததுபோல் வட்டமாக ஒரு கறை. தேய்த்து எடுத்து முதலிலிருந்து அடித்தேன்.

ரெகுலேட்டரோடு வரும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் வாட்டர் ட்ராப் மட்டும் போதாது, ஏனென்றால் அங்கே வரும் காற்று இன்னும் சூடாகவே இருக்கும். மூன்று மீட்டர் ஹோஸ் வைத்து, பிரஷ்ஷுக்கு அடியில் இன்னொரு சின்ன ட்ராப் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டேங்கின் அடியில் உள்ள ட்ரெயின் திருகை மெதுவாகத் திறந்து தண்ணீரை வடியுங்கள். தினமும். உள்ளே துருப்பிடித்த டேங்கை நம்பி எதுவும் செய்ய முடியாது.

5. மக்கர் பண்ணும்போது

பிரஷ்ஷைத் தொடாதபோதும் மோட்டார் தானாக ஓடுகிறதா? எங்கோ கசிகிறது. ரெகுலேட்டரை முழுதாகத் திறந்து, டேங்க் நிரம்பியதும் சுவிட்சை அணைத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் நன்றாக இறங்கியிருந்தால், சோப்புத் தண்ணீரைச் சாதாரணத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். நுரை கட்டும் இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் ஹோஸ் முனையாகவே இருக்கும்.

கசிவே இல்லை, ஆனாலும் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, அழுத்தம் ஏறவில்லை என்றால் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கும். அதற்கு முன் காற்று உள்ளே போகும் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெயின்ட் தூசி அடைத்திருந்தாலும் இதேதான் நடக்கும்.

மோட்டார் நிற்கும்போது 'புஸ்' என்று ஒருமுறை வந்தால் பழுதில்லை, பிஸ்டனுக்கு மேலே தலைப்பகுதியில் தங்கிய காற்று வெளியேறுகிறது. நின்ற பிறகும் அந்தச் சத்தம் ஓயவில்லை என்றால் டேங்கின் காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போய்விட்டது.

'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லையா? உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். டேங்கைக் காலி செய்துவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது ஓடினால், தலையில் காற்று சிக்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். வால்வைப் பார்க்க வேண்டும். காலி டேங்கிலும் முனகினால் வோல்டேஜ் அல்லது கெபாசிட்டர். மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருந்தால், சுவரில் நேராக மாட்டிப் பாருங்கள். கெபாசிட்டரில் கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஓடிக்கொண்டே இருந்தது திடீரென்று நின்றால் சூட்டினால் கட் ஆகியிருக்கும். அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

கடைசியாக, பெயின்ட் கிண்ணத்தில் குமிழி வருகிறதா? அன்றைக்கு ஒருநாள் இதற்காகக் கம்ப்ரஸரை முழுசாகப் பிரித்துப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நாசிலைக் கழற்றினால், நுனியில் மயிரிழை அளவு வெடிப்பு. கம்ப்ரஸரை மறுபடி பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது; இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.