யோசேப்பின் வார்த்தையை யார் சொல்வது? வேதாகமக் கதைகளை வாழ்க்கைக்குப் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக ஓர் ஆசிரியர் பயிற்சி நடந்தது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்து வந்திருந்த இளம் ஆசிரியர்கள் ஆளுக்கொரு கதையை எடுத்துக்கொண்டு, அதை அன்றாட வாழ்க்கைக்கு எப்படிப் பொருத்துவது என்று முன்னே நின்று சொல்லிக் காட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பேசிய பேச்சே திரும்பக் காதில் விழுவது போலிருந்தது. அதே ஆர்வம், அதே அவசரம், அதே தவறுகள். பெயரை மாற்றிச் சொல்வது, சம்பவங்களை முன்பின்னாகச் சொல்வது போன்ற பிழைகளை இன்னொரு முறை வாசித்தாலே திருத்திக்கொள்ளலாம், அவற்றை விட்டுவிடுகிறேன். கேட்டவர் வீட்டுக்குப் போன பிறகும் அவரை விடாமல் வலிக்கச் செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோலியாத்தைத் தேடிக் கொடுப்பது

மேய்ப்பனான தாவீது கவணால் வீழ்த்திய ராட்சதன் கோலியாத். "உன் வாழ்க்கையின் கோலியாத் யார்?" என்ற கேள்வியோடு தொடங்காத தாவீது பாடத்தை நான் கேட்டது அரிது. பிள்ளைகள் பொதுத்தேர்வைச் சொல்வார்கள், பெரியவர்கள் கடனைச் சொல்வார்கள். வேலித் தகராறில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொள்வார். அன்று மாலை அந்த மனிதரை அவர் இன்னும் கடுமையான கண்ணோடுதான் பார்ப்பார். தேர்வில் தோற்ற ஒரு மாணவன், "தாவீது ஜெயித்தானே, எனக்கு விசுவாசம் போதவில்லையா அண்ணா?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம்தான் அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்திருந்தது.

1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அரசன் சவுல் கொடுத்த ஆயுதங்கள் தனக்குப் பழக்கமில்லை என்று தாவீது அவற்றைக் களைந்து போடுவதைக் காணலாம். அவன் கையில் பழகியிருந்தது கவண். யாரும் பார்க்காத மேய்ச்சல் நிலத்தில், சிங்கத்திடமிருந்தும் கரடியிடமிருந்தும் ஆட்டைத் தப்புவித்த நாட்கள் அவனுக்குப் பின்னால் இருந்தன. மாணவனுக்குச் சொல்ல வேண்டியது அந்த நாட்களைப் பற்றித்தான்.

யோனாவை மீனின் வயிற்றோடு முடித்துவிடுவது

நினிவே நகரம் தப்பியதற்காக யோனா கோபித்துக்கொள்ளும் நான்காம் அதிகாரத்தையும் வாசியுங்கள்.

மார்த்தாளைக் கடிந்துகொள்வது

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், விருந்து வேலையில் கவலைப்பட்டுக் கலங்கியவளை "மார்த்தாளே, மார்த்தாளே" என்று இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தவர், அவள் வீட்டு விருந்தாளியாக வந்து அவளை நேசித்த ஆண்டவர். நாமோ அந்த வார்த்தையை எடுத்து, அன்பின் விருந்துக்காக விடியற்காலையில் அடுப்பு மூட்டிய பெண்களை நோக்கிப் பேசுகிறோம். யோவான் 11-ஆம் அதிகாரத்தில், சகோதரனைப் புதைத்து நான்கு நாள் ஆன நிலையில், இயேசுவைத் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று வாய்திறந்து அறிக்கையிட்டவள் இதே மார்த்தாள்தான். மார்த்தாளைப் பற்றிப் பேச எழுகிறவர் இரண்டு அதிகாரங்களையும் படித்துவிட்டுப் பேசட்டும்.

யோசேப்பின் வார்த்தையைப் பிறர் வாயில் வைப்பது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் இதைக் கேட்டால் என்னால் அமைதியாக உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

ஆதியாகமம் 50-ஆம் அதிகாரத்தில், எகிப்தின் அதிகாரியாகிவிட்ட யோசேப்பு, தன்னைக் குழியில் போட்டு அடிமையாக விற்ற சகோதரரைப் பார்த்து, "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ" அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். பயிற்சியில் ஓர் இளம் ஆசிரியர் இந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "உங்களுக்குத் தீங்கு செய்தவரை இன்றே மன்னித்துவிடுங்கள், யோசேப்பு கணக்குக் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்" என்று பாடத்தை முடித்தார். 2009-இல் கடலூர் முதுநகரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் நானும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னேன்.

அந்தக் கூட்டத்துக்கு, என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு சகோதரி வந்திருந்தார். கணவரை இழந்து, பள்ளிக்குப் போகும் மகளோடு தகப்பன் வீட்டுக்குத் திரும்பியிருந்தவர். பெற்றோர் இருவரும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார்கள். வீட்டை விற்க முடிவு செய்திருந்த அவருடைய அண்ணனும் தம்பியும், ஒரு ரூபாய்கூடத் தராமல், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, என்ன செய்வது என்று அவர் என்னிடம் கேட்டார். யோசேப்பைப் போல விட்டுக்கொடுங்கள், ஆண்டவர் நன்மையாக முடிப்பார் என்றேன். அடுத்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டார். வீடு விலைபோனது. மகள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள்.

ஏழு ஆண்டுகள் கழித்து, அவர் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். தன் வேதாகமத்தைப் பிரித்து என் முன் வைத்தார். அந்த வசனம் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிடப்பட்டிருந்தது. ஓரத்தில், பத்திரம் பதிவான தேதி நீல மையில் சின்ன எழுத்தில் இருந்தது. "தம்பி, யோசேப்பு மன்னிச்சப்ப அவர் கையில எகிப்து தேசமே இருந்துச்சு. நான் மன்னிச்சப்ப என் கையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குப் பதில் இல்லை.

அதன் பிறகுதான் ஆதியாகமத்தின் 37-ஆம் அதிகாரத்திலிருந்து 50-ஆம் அதிகாரம் வரை விரலை வைத்து வாசித்தேன். யோசேப்பு விற்கப்பட்டபோது வயது பதினேழு. பார்வோன் முன் நின்றபோது முப்பது. செழிப்பான ஏழு ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் கழிந்து சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தியபோது முப்பத்தொன்பது. தகப்பன் யாக்கோபு எகிப்தில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து இறந்த பிறகே 50-ஆம் அதிகாரத்தின் அந்த வார்த்தை வருகிறது. அப்படியானால், குழியில் போடப்பட்ட நாளுக்கும் அந்த வார்த்தைக்கும் நடுவே ஏறத்தாழ 39 ஆண்டுகள் இருக்கின்றன. நான் அந்தச் சகோதரிக்கு ஒரு வாரம்கூடக் கொடுக்கவில்லை.

கணக்குக் கேட்கவில்லை என்பதும் சரியல்ல. சகோதரர் முதன்முறை தானியம் வாங்க வந்தபோது யோசேப்பு கடினமாகப் பேசினான், மூன்று நாள் காவலில் வைத்தான், அவர்களில் சிமியோனைப் பிடித்துவைத்துக்கொண்டு, வீட்டிலிருந்த கடைசித் தம்பி பென்யமீனை அழைத்துவரச் சொன்னான். பிறகு வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீனின் சாக்கில் வைத்து, தம்பியைக் கைவிட்டுப் போவார்களா என்று பார்த்தான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்ன யூதாவே, தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று 44-ஆம் அதிகாரத்தில் முன்வந்த பிறகுதான் யோசேப்பு அடக்கமாட்டாமல் அழுது, தான் யார் என்று சொன்னான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழியில் போடப்பட்டபோது யோசேப்பு என்ன பேசினான் என்று 37-ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவன் கெஞ்சினான், அதைக் கேட்டும் கேளாமல் இருந்தோம் என்பது, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 42-ஆம் அதிகாரத்தில் குற்றவாளிகளின் வாயிலிருந்தே வருகிறது. அந்த வார்த்தை வெளிவரும்வரை இந்தக் கதை காத்திருக்கிறது. நம் பாடம் காத்திருப்பதில்லை.

வசனத்தின் அமைப்பும் நமக்கு உதவி செய்கிறது. "தீமை" என்ற சொல்லை யோசேப்பு முதலில் சொல்லிவிடுகிறான், அதை மழுப்பவில்லை. பிறகுதான் "தேவனோ" என்று தொடங்குகிறான். அந்த ஓகாரம் மனிதர் செய்ததையும் தேவன் செய்ததையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. பதினேழு வயதுப் பையன் குழிக்குள் கிடந்தபோது யாரும் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, இது நன்மையாக முடியும் என்று சொல்லவில்லை. அடிபட்டவன் தன் வாயால், தன் காலத்தில் சொன்ன சாட்சி அது. அதைப் பிடுங்கி, அடிபட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவரிடம் கட்டளையாகக் கொடுப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்த அண்ணனையும் தம்பியையும் எனக்குத் தெரியும்; ஞாயிறுதோறும் என்னோடு ஒரே ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். யூதாவைப் பற்றி அவர்களிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்த்துப் பேச முடியாதவரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசினேன்; மனம் திரும்ப வேண்டியவர்களை விட்டுவிட்டேன்.

இப்போது சொத்துப் பிரச்சினையோ வீட்டில் அடியோ இருக்கிறது என்று தெரிந்தால், நான் வேதாகமத்தைத் திறக்கும் முன் நடந்ததை முழுவதும் கேட்கிறேன். தீங்கு முடிந்துவிட்டதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்று கேட்கிறேன். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும். மன்னிப்பது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவே நடக்கும் காரியம். விடுதலைப் பத்திரம் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதப்படும் காரியம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை வாங்கக் கூடாது.

யெப்தாவின் பொருத்தனையை முன்மாதிரியாகக் காட்டுவது

யெப்தா யோசிக்காமல் செய்த பொருத்தனைக்குத் தன் மகளையே பலிகொடுத்தான் (நியாயாதிபதிகள் 11). நடந்தது என்று வேதாகமம் எழுதியிருப்பது வேறு, நட என்று அது சொல்லியிருப்பது வேறு.

வெள்ளம் வந்த வீட்டில் பாவத்தைத் தேடுவது

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. ஆற்றோரம் இருந்த எங்கள் சபையார் சிலருடைய வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். பார்க்கப் போன இளைஞர்களில் ஒருவர், வாசலில் நின்றபடியே நோவாவின் கதையை எடுத்தார். அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போய் லூக்கா 13-ஆம் அதிகாரத்தைக் காட்டினேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று அவரே சொல்கிறார். எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் மூவரும் தவறாகப் பேசினார்கள் என்று கடைசி அதிகாரத்தில் தேவன் கோபங்கொள்கிறார். ஆனால் வாய் திறப்பதற்கு முன் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதை நாம் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

மண்வெட்டியும் ப்ளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் போனோம். சேற்றை வாரி முடிக்க மூன்று நாளாயிற்று. மூன்றாம் நாள் மாலை, அந்த வீட்டுப் பெரியவர் தாமாகவே, ஏதாவது வாசிக்கலாமா என்று கேட்டார். அவருடைய வேதாகமம் திண்ணையில் காய்ந்துகொண்டிருந்தது; தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. என்னுடையதைக் கையில் கொடுத்தேன். எந்தப் பகுதி என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கங்களை மெல்லப் புரட்டி, அவரே தேடிக்கொண்டார்.