கருப்பனும் சின்னுவும் ஒரே திண்ணையில்

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். கருப்பன் நாலு வயது நாட்டு நாய். மகள் ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிவந்து சின்னு என்று பேர் வைத்தாள். முதல் மூன்று மாதம் ஒரு தொல்லையும் இல்லை. ஏப்ரல் 15, விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வீட்டுக்கு மீன் வருவது குறைந்தது. அப்புறம்தான் சண்டை.

ஒருநாள் அரிவாள்மனைப் பக்கத்தில் கருப்பன் சின்னுமேல் பாய்ந்தான். விலக்குகிறேன் என்று கையை நீட்டினேன். என் கையில்தான் பல் பதிந்தது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கனமான சாக்கை இரண்டுக்கும் நடுவில் போடுங்கள். கடிபட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்ம வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. எனக்கு அன்றைக்கே ஓர் ஊசி, அப்புறம் 3, 7, 28 நாள் கழித்து மறுபடி. கருப்பனுக்கு வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தும் இத்தனை.

குணம் திடீரென மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருக்கிற நாய் யாரையும் கிட்டே சேர்க்காது. கருப்பனுக்குக் காதுக்குள் உண்ணி ஏறிப் புண்ணாகி இருந்தது.

அடுத்து, சண்டை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் நாலு தடவையும் மீன் கழுவும் இடத்தில்தான். அவனுக்குப் பூனைமேல் பகை இல்லை, மீன்தலைமேல் காவல். அதனால் நாய்க்குச் சோறு கொல்லையில், பூனைக்கு அடுப்படி மாடத்தில். மீன் அறுக்கும்போது கருப்பனைக் கட்டிவிடுவேன். மிச்சம் தரையில் கிடக்கவே கூடாது.

இரண்டு வாரம் தனித்தனியாக வைத்தோம். நடுவாசலுக்கு மரச்சட்டம் அடித்து வலை கட்டினார் வீட்டுக்காரர். மெல்லிய நைலான் நரம்பில் பின்னிய தங்கூசி வலை வேண்டாம், நகம் சிக்கி அறுத்துவிடும். தடித்த நூலில் பின்னிய பழைய இழுவை மடி, அதாவது விசைப்படகில் இழுக்கிற வலைதான் சரி. சின்னு படுத்த சாக்கை இந்தப் பக்கமும், கருப்பனுடையதை அந்தப் பக்கமும் போட்டு வாசனை பழக்கினோம்.

பிறகு வலைக்கு அந்தப் பக்கம் மகள் பூனையோடு உட்காருவாள், நான் பத்தடி தள்ளி கருப்பனோடு. அவன் பூனையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு அவித்த மீன், முள் எடுத்தது, உப்பில்லாதது. கருவாடு கொடுக்காதீர்கள், உப்பு அதிகம். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் அசையாமல் நின்றால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் பின்னால் கூட்டிப்போங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமலை அடக்கினால் அடுத்த தடவை உறுமாமலே கடிப்பான்.

அப்புறம் கயிற்றில் பிடித்தபடி ஒரே அறையில், முதலில் ஐந்தே நிமிடம். பூனை ஏறிக்கொள்ள உயரமான பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் வலைக்கதவு மூடித்தான் இருக்கும். எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய வாரம், இரண்டும் ஒரே திண்ணையில் ஆளுக்கு ஒரு மூலையில் படுத்திருந்தன.

கோழிகள் விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். படபடவென்று ஓடுவதைப் பார்த்தால் அவனுக்கு வேட்டைப் புத்தி வந்துவிடுகிறது. கூண்டுக்கு இன்னமும் கொண்டி போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.